அரிசியில் நின்ற படை, கடனில் நின்ற படை

1600ஆம் ஆண்டில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு போர்கள் நடந்தன. ஜூலை 2 அன்று, இன்றைய பெல்ஜியக் கடற்கரையில் நியூபோர்ட் ஊரை ஒட்டிய மணல்மேடுகளில், டச்சுப் படைத்தலைவர் நாசாவின் மாரிஸ் ஸ்பானியப் படையைத் தோற்கடித்தார். அக்டோபர் 21 அன்று, நடு ஜப்பானில் செகிகஹாரா என்ற பள்ளத்தாக்கில், தொகுகவா இயெயாசு எதிரணியை ஒரே பகலில் நொறுக்கினார். நியூபோர்ட்டில் இரு தரப்பும் சேர்ந்து 20,000 பேர் அளவுதான். செகிகஹாராவில் நின்றவர்கள், பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி, ஒன்றரை லட்சம் பேர். நியூபோர்ட்டில் வென்ற மாரிஸ் அதற்குமேல் எதையும் பிடிக்க முடியாமல் கப்பலேறித் திரும்பினார். செகிகஹாராவில் வென்ற இயெயாசுவின் வம்சம் 1868 வரை ஜப்பானை ஆண்டது.

சாமுராய் தலைவர்களையும் ஐரோப்பியத் தளபதிகளையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வாளில் தொடங்கி கவசத்தில் முடிக்கிறார்கள். அதில் தெரியவருவது குறைவு. 1600 வாக்கில் இரண்டு இடத்திலுமே வாள் இடுப்பில் தொங்கியதே ஒழிய, போரை முடித்தவை நெடிய ஈட்டியும் திரித் துப்பாக்கியும். ஜப்பானை ஒன்றாக்கிய டொயொடொமி ஹிதேயோஷியை ‘ஜப்பானின் நெப்போலியன்’ என்று எழுதும் பழக்கத்தாலும் பயனில்லை. இருவருக்கும் இடையே இருநூறு ஆண்டு இருக்கிறது. ஒரே காலத்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய படைக்குச் சோறு போட்டது யார், எதை வைத்து என்று கேட்டால்தான் ஒப்பீடு பிடிபடும். ஜப்பானில் டைம்யோ எனப்பட்ட நிலத்தலைவர் தன் கையிலிருந்த நிலத்தின் அரிசியை வைத்துப் போரிட்டார். ஐரோப்பியத் தளபதி இன்னொருவருடைய பணத்தில், பல சமயம் இன்னும் வந்து சேராத பணத்தில், போரிட்டார். இருவருடைய உத்தி, வேகம், பலவீனம், சாவு எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு தெரிகிறது.

துப்பாக்கிக் கணக்கு

1543இல் ஒரு சீனக் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர்களிடம் தனேகஷிமா தீவின் இளம் தலைவர் இரண்டு திரித் துப்பாக்கிகளை வாங்கினார். உள்ளூர்க் கொல்லருக்குக் குழல் அடிப்பதில் பெரிய சிரமமில்லை. அவரைத் தடுத்தது குழலின் அடிமுனையை மூடும் திருகு. அந்த முனை இறுக்கமாக மூடாவிட்டால் வெடிக்கும்போது நெருப்பு சுடுபவன் முகத்தில் அடிக்கும். ஒரேயடியாகப் பற்றவைத்து மூடிவிட்டால் உள்ளே படியும் கரியைச் சுத்தம் செய்ய வழியில்லை. மரையுள்ள திருகு அப்போது ஜப்பானியப் பட்டறைக்குப் புதியது. அடுத்த ஆண்டு வந்த கப்பலில் இருந்த ஓர் ஐரோப்பியக் கொல்லரிடம் அதைக் கற்றபின், சகாய், குனிதொமோ, நெகொரோ போன்ற ஊர்களில் உற்பத்தி பெருகியது.

ஆனால் துப்பாக்கி இருந்தால் போதாது. ஈயம் வேண்டும், வெடியுப்பு வேண்டும். இரண்டிலும் பெரும்பகுதி கடல் வழியாக வந்தது. அக்காலத்து ஈயக் குண்டுகளை ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்ததில் சிலவற்றின் ஈயம் இன்றைய தாய்லாந்தின் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்திருக்கிறது. ஹிதேயோஷிக்கு முன் நாட்டை ஒன்றாக்க முனைந்த தலைவர் ஒடா நொபுனாகா 1568இல் கியோட்டோவுக்குள் நுழைந்ததுமே சகாய் துறைமுக வணிகர்களிடம் 20,000 ‘கன்’ (ஒரு கன் ஆயிரம் காசு) கேட்டு மிரட்டி அந்த ஊரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததன் பொருள் இங்கேதான் இருக்கிறது. மலைநாட்டில் இருந்த தகெதா குலத்திடமும் துப்பாக்கி உண்டு. தொடர்ந்து சுட மருந்தும் ஈயமும் கிடைப்பதில்தான் அவர்கள் நொபுனாகாவுக்குப் பின்தங்கியிருந்தார்கள்.

1575 கோடையில் தகெதா கத்சுயொரி 15,000 பேருடன் நாகஷினோ கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சுமார் 500 பேர். நொபுனாகாவும் இயெயாசுவும் 38,000 பேருடன் உதவிக்கு வந்ததாக மரபுக் கணக்கு சொல்கிறது. அவர்கள் கோட்டைக்கு நேராகப் போகவில்லை. ஷிதாரகஹாரா சமவெளியில் ஒரு சிற்றாற்றை முன்னால் வைத்து, அதன் பின்னால் மரவேலி நட்டு, அதன் பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார்கள். இயெயாசுவின் தளபதி சகாய் தாதத்சுகு தலைமையில் ஒரு பிரிவு, 500 துப்பாக்கிகளோடு, இரவோடு இரவாக மலையைச் சுற்றிப் போய் முற்றுகைக்காரர்களின் பின்புறக் காவலரண்களை அடித்தது. பின்வழி அடைபட்ட கத்சுயொரி முன்னால் வந்தே ஆகவேண்டிய நிலை. பலர் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான். வேலியும் துப்பாக்கியும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதிரி வராவிட்டால் அவற்றால் ஒன்றும் ஆகாது.

3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறிமாறிச் சுட்டன என்ற புகழ்பெற்ற காட்சி, போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின் எழுதப்பட்ட கதையில்தான் வருகிறது. அதற்கு முந்தைய, நம்பத்தகுந்த குறிப்பு ஆயிரம் அளவில்தான் பேசுகிறது; வரிசை மாற்றம் பற்றி அதில் பேச்சே இல்லை. மூன்று வரிசைச் சூடு நடந்திருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மருந்து கெட்டித்து, குண்டு இறக்கி, கிண்ணியில் பற்றுமருந்து தூவி, திரியைப் பொருத்திச் சுடப் பழகியவனுக்குச் சுமார் 30 நொடி ஆகும். மூன்று வரிசை என்றால் 10 நொடிக்கு ஒரு வேட்டு. கவசம் அணிந்தவனைச் சுமந்த ஜப்பானியக் குதிரை, தோள் உயரம் 130 சென்டிமீட்டர் அளவிலான சிறிய விலங்கு, மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடினால் பயனுள்ள தூரமான கடைசி 100 மீட்டரைக் கடக்க 18 நொடி ஆகும். ஆக அதற்குள் இரண்டு வேட்டு விழும். மூன்றாவதற்கு நேரம் வேண்டுமென்றால் எதிரியை எதுவாவது நிறுத்திவைக்க வேண்டும். ஆறும் சேறும் மரவேலியும் செய்தது அந்த வேலையை. வரிசை மாறியதா இல்லையா என்பதைவிட அந்த வேலி முக்கியம் என்பேன்.

இதே பாடத்தை ஐரோப்பாவில் 72 ஆண்டு முன்னாலேயே ஸ்பானியத் தளபதி கொன்சாலோ டி கொர்தோபா நடத்திக் காட்டியிருந்தார். 1503 ஏப்ரல் 28, தெற்கு இத்தாலியில் செரிஞோலா. திராட்சைத் தோட்டச் சரிவின் அடியில் பள்ளம் வெட்டி, அந்த மண்ணைக் கரையாகக் குவித்து, பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். பள்ளம் வரை வந்து முட்டி நின்ற பிரெஞ்சுக் குதிரைப்படையின் தலைவர் நெமூர் பிரபு சுடப்பட்டு இறந்தார். நொபுனாகாவையும் கொன்சாலோவையும் பக்கத்தில் வைக்கலாம். இருவரும் துப்பாக்கியை நம்பியதைவிட மண்வெட்டியை நம்பினார்கள்.

வரிசை மாற்றிச் சுடுவதைக் காகிதத்தில் தெளிவாக வைத்தது டச்சுக்காரர்கள். 1594 டிசம்பர் 8 அன்று வில்லியம் லூயி தன் மைத்துனர் மாரிஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு படம் போட்டார். முன்வரிசை சுட்டுவிட்டு இடைவெளி வழியாகப் பின்னால் போய்க் கெட்டிக்க வேண்டும், அடுத்த வரிசை சுட வேண்டும். ரோமானியப் படைநூல்களைப் படித்து எடுத்த யோசனை. மாரிஸ் பத்து வரிசை வரை வைத்தார். ஒருவருக்கு 30 நொடி என்றால் 3 நொடிக்கு ஒரு வேட்டு, இடைவெளியே இல்லாத சூடு. ஆனால் பத்தாயிரம் பேர் பதற்றத்தில் இதைக் குழப்பாமல் செய்ய வேண்டுமே. அதற்காகத் துப்பாக்கியைக் கையாளும் வேலையை நாற்பதுக்கும் மேற்பட்ட அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளைச்சொல் வைத்து, ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்டு முழுக்கப் பயிற்சி என்றால் ஆண்டு முழுக்கச் சம்பளம். டச்சு மாநிலங்களின் வணிக வரி சம்பளத்தைத் தவறாமல் கொடுத்தது. அந்தப் பயிற்சி நிலைத்ததற்கு அடிப்படை அதுதான்.

ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் அதை மாற்றினார். ஆறு வரிசையாக நின்றவர்கள் எதிரி நெருங்கியதும் இடைவெளிகளில் புகுந்து மூன்று வரிசையாவார்கள். முதல் வரிசை மண்டியிடும், இரண்டாவது குனியும், மூன்றாவது நிமிர்ந்து நிற்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள். அடுத்து உடனே பாய்ச்சல். கெட்டிக்க நேரம் கிடையாது, அந்த ஒரு வேட்டு பிசகினால் கையில் வெறும் குழல்தான். 1631 பிரைட்டன்ஃபெல்டில் கூட்டாளிகளான சாக்சனியர்கள் ஓடிப்போய் இடப்பக்கம் திறந்து கிடந்தபோது, ஸ்வீடிஷ் படைப்பிரிவுகள் திரும்பி நின்று அந்த ஓட்டையை அடைத்தன. சிறு பிரிவுகளும் அவற்றோடு தள்ளிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பீரங்கிகளும் இருந்ததால் முடிந்தது. அடுத்த ஆண்டே, 1632 நவம்பர் 16, லுட்சனில் பனிமூட்டத்திலும் புகையிலும் வழிதவறி எதிரிக் குதிரைக்காரர்கள் நடுவே போய்ச் செத்தார் கிட்டப்பார்வைக்காரரான அந்த மன்னர்.

யார் சோறு, யார் கடன்

ஜப்பானில் நிலத்தை அரிசியால் அளந்தார்கள். ஒரு கோகு என்பது சுமார் 180 லிட்டர், எடையில் 150 கிலோ அரிசி. ஓர் ஆள் ஓராண்டு உண்பது என்பது பழைய கணக்கு. ஹிதேயோஷி 1582 முதல் சாகும்வரை நாடு முழுக்க நிலத்தை அளக்கச் செய்தார். ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவுக்கோலும் படியும் ஒன்றாக்கப்பட்டன. ‘தான்’ என்ற நில அளவு, அதாவது ஏறத்தாழ கால் ஏக்கர், 300 சதுரக் கோலாக நிர்ணயிக்கப்பட்டது. முன்பு அது 360. வயல்கள் தரம் பிரிக்கப்பட்டன. முதல்தர வயலுக்கு ஒரு தானுக்கு 1.5 கோகு, இரண்டாம் தரத்துக்கு 1.3, மூன்றாவதற்கு 1.1 என்பது பொது விகிதம். 1598இல் நாடு முழுவதும் சேர்த்து 1 கோடியே 85 லட்சம் கோகு என்று ஏடு சொன்னது.

இந்த எண் வரிக்கணக்காக மட்டும் நிற்கவில்லை. அதுவே படைக்கணக்கும் ஆனது. 1592இல் கொரியாமீது படையெடுத்தபோது கியூஷூ தீவின் தலைவர்கள் 100 கோகுவுக்கு 5 ஆள் அனுப்ப வேண்டும், தொலைவில் இருப்பவர்களுக்கு விகிதம் குறைவு. ஹிகோவில் ஏறத்தாழ 2 லட்சம் கோகு வைத்திருந்த கதோ கியோமசா 10,000 பேரோடு வந்தார். கணக்கு அப்படியே பொருந்துகிறது. இப்படி ஏறத்தாழ 1,58,000 பேர் கடல் கடந்தார்கள். அக்காலத்து எந்த ஐரோப்பிய அரசாலும் ஒரே போர்முனைக்கு அனுப்ப முடியாத தொகை. ஆனால் இதில் கணிசமானவர்கள் சுமைகூலிகளும் படகோட்டிகளும். இந்தத் தொகையை ஐரோப்பியப் பட்டாளக் கணக்கோடு நேருக்கு நேர் வைப்பவர்கள், அங்கே படையின் பின்னால் வந்த பெண்கள், வண்டிக்காரர், சில்லறை வியாபாரிகள் எண்ணப்படவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பின்னாளில் எழுதப்பட்ட காலாட்படைக் கையேடு ஒன்று போர்க்களப் படியைச் சொல்கிறது: ஆளுக்கு நாளொன்றுக்கு 6 கோ அரிசி, அதாவது ஏறக்குறைய 900 கிராம், பத்துப் பேருக்குச் சேர்த்து உப்பும் மிசோ என்ற சோயா விழுதும். 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 60 கோகு, 9 டன். மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ போகும் சாலை அரிது, எல்லாம் பொதிக்குதிரை. குதிரைக்கு 120 கிலோ வைத்தால் ஒரு நாள் அரிசிக்கு 75 குதிரை, பத்து நாளுக்கு 750. குதிரைக்கும் தீனி வேண்டும். இதனால்தான் படையை முன்நகர்த்தும் முன் வழிக்கோட்டைகளில் அரிசி சேர்த்துவைப்பது முதல் வேலையானது. அதே கையேடு இன்னொன்றும் சொல்கிறது: கீழ்நிலைக் காலாட்களிடம் ஒரே சமயத்தில் அதிக நாள் அரிசியைக் கொடுக்காதே, ஊறவைத்துச் சாராயம் ஆக்கிவிடுவார்கள். சேப்பங்கிழங்குத் தண்டை மிசோவில் வேகவைத்துக் காயவைத்துக் கயிறாகத் திரித்து மூட்டை கட்டினார்கள். பசித்தால் அதை நறுக்கி வெந்நீரில் போட்டால் குழம்பு.

ஐரோப்பியப் படை ரொட்டியில் நின்றது. நாளொன்றுக்கு ஆளுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை. அரிசிக்குப் பானையும் நெருப்பும் போதும். ரொட்டிக்கு ஆலை வேண்டும், அடுப்பு கட்டச் செங்கல் வேண்டும், விறகு வேண்டும், சுட்டவுடன் ஒரு வாரத்துக்குள் தின்றுவிட வேண்டும். ஆகவே ஐரோப்பியத் தளபதியின் பாதை ஆற்றங்கரை ஆலைகளையும் நகரங்களையும் ஒட்டியே வளைந்தது.

அந்த ரொட்டிக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் ஐரோப்பாவிலேயே அதிக வெள்ளி இறக்குமதி செய்த அரசு; ஆனாலும் 1557, 1575, 1596, 1607 எனத் திரும்பத் திரும்பக் கடனை நிறுத்தியது. 1575 திவாலுக்குப் பின் சம்பளம் நின்றுபோன ஸ்பானியச் சிப்பாய்கள் 1576 நவம்பர் 4 அன்று ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். 1572க்கும் 1607க்கும் நடுவில், டச்சுக்காரர்களோடு போரிட்ட ஸ்பெயினின் ஃபிளாண்டர்ஸ் படையில் 45க்கு மேல் கலகங்கள். கலகம் என்றால் தலைவெட்டுக் குழப்பம் அல்ல. தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஊரைப் பிடித்து உட்கார்ந்து, பாக்கி வரும்வரை சுற்றுவட்டாரத்தில் வரி வசூலிக்கும் ஒழுங்கான வேலைநிறுத்தம். நியூபோர்ட்டில் ஸ்பெயின் பக்கம் போரிட்டவர்களில் அப்போது கலகத்தில் இருந்த ஒரு கூட்டமும் உண்டு. பேசிச் சம்மதிக்க வைத்து அழைத்து வந்திருந்தார்கள்.

போகீமியப் பிரபு வாலன்ஸ்டைன் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். 1625இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டிடம் படையைத் தானே திரட்டித் தருவதாகச் சொன்னார். முதல் பணம் ஹான்ஸ் டி விட்டே என்ற வங்கியாளர் திரட்டிய கடன். அதை அடைக்க, படை எங்கே தங்குகிறதோ அந்த ஊர்கள் மீது முறையான தொகை விதித்தார்; கொடுத்தால் கொள்ளை இல்லை. தன் சொந்த ஃப்ரீட்லாண்ட் நாட்டில் மட்டும் படையைத் தங்கவிடாமல் காத்து, அங்கே ரொட்டியும் துணியும் காலணியும் செய்வித்துத் தன் படைக்கே விற்றார். படை ஏட்டளவில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெரிய படை இருந்தால்தான் அதிக ஊர்களிடம் வசூலிக்க முடியும், அதிகம் வசூலித்தால்தான் பெரிய படை வைக்க முடியும். அதாவது நிற்கவே முடியாத அமைப்பு. 1630இல் பிரபுக்கள் நெருக்கியதால் பேரரசர் அவரை நீக்கினார். கடன் திரும்பி வராது என்று தெரிந்த டி விட்டே அதே ஆண்டு தற்கொலை செய்துகொண்டார்.

ஹிதேயோஷிக்கும் வாலன்ஸ்டைனுக்கும் ஒற்றுமை உண்டு, இருவரும் போரைக் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் ஹிதேயோஷியின் பேரேட்டில் நிலம் வரவு. வாலன்ஸ்டைனின் பேரேட்டில் நாளைய ஊர் வரவு.

நடை

1582 ஜூன் 21 விடியற்காலை, கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் தங்கியிருந்த நொபுனாகாவை அவருடைய தளபதி அகெச்சி மித்சுஹிதே சூழ்ந்துகொண்டார். நொபுனாகா உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது இன்னொரு தளபதியான ஹிதேயோஷி 200 கிலோமீட்டர் மேற்கே, தகமத்சு கோட்டையை ஆற்றுநீரால் மூழ்கடித்து முற்றுகையில் இருந்தார். சதுப்பில் நின்ற அந்தக் கோட்டையைச் சுற்றி 12 நாளில் கரை எழுப்பியிருந்தார். மண்மூட்டைக்கு இவ்வளவு என்று காசும் அரிசியும் கொடுத்து ஊராரைக் கொண்டு கட்டிய கரை. கரையின் நீளம் 3 கிலோமீட்டர் என்பது மரபுக் கதை. நிலத்தின் மேடுபள்ளத்தைப் பார்த்தால் அதில் சிறு பகுதியே போதுமாயிருந்திருக்கும்.

செய்தி எதிரிக்குத் தெரிவதற்குள் மோரி குலத்தோடு சமாதானம் பேசி முடித்துப் புறப்பட்டார். ஹிமேஜியில் தன் கோட்டைக்கு வந்ததும் கருவூலத்து வெள்ளியையும் களஞ்சியத்து அரிசியையும் படைக்குப் பங்கிட்டுக் காலி செய்தார். ஜூலை 2, யமசாகியில் மித்சுஹிதேயைத் தோற்கடித்தார். நொபுனாகா இறந்து பதினோராம் நாள். அடுத்த ஆண்டு ஷிசுகதாகேயில், ஒகாகியிலிருந்து 52 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் வந்ததாகச் சொல்வார்கள். முழுப் படையும் அந்த வேகத்தில் கால்நடையாக வந்திருக்காது. முன்னணியும் குதிரைக்காரர்களும் வந்திருக்கலாம். நம்பத்தக்க பகுதி வேறு: ஆட்களை முன்னால் ஓடவிட்டு, வழிக்கிராமங்களில் சோற்றுருண்டையும் தீப்பந்தமும் தயாராக வைக்கச் சொன்னார். அதாவது சமையலுக்கு நிற்காத நடை.

ஐரோப்பாவில் இதற்கு இணை தேடினால் காலம் கொஞ்சம் தள்ளிப்போகிறது: 1704, ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோ பிரபு. மே 19 அன்று கொலோன் அருகே பெட்பர்கிலிருந்து கிளம்பி ஐந்து வாரத்தில் 400 கிலோமீட்டர் நடந்து டான்யூப் கரையை அடைந்தார். தினமும் விடியுமுன் கிளம்பி வெயில் ஏறுமுன் முகாம். மூன்று நாள் நடை, நான்காம் நாள் ஓய்வு, அன்றுதான் ரொட்டி சுடுவது. ஹைடல்பெர்கில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் புதுக் காலணி காத்திருந்தது. வழியில் வாங்கியதற்கெல்லாம் கையோடு பொற்காசு கொடுத்ததால் விவசாயிகள் தானாகவே வண்டியோடு வந்தார்கள். ஹிதேயோஷி இதைவிட வேகம்தான், ஆனால் அவர் நடந்தது பெரும்பாலும் தன் நிலத்தில், தன் களஞ்சியங்களுக்கு நடுவே. மார்ல்பரோ நடந்தது பிறருடைய நிலத்தில். இரண்டில் கடினமானது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

தகமத்சுவின் கரையைப் பேசும்போது ஸ்பானியத் தளபதி, பார்மா பிரபு அலெசாண்ட்ரோ ஃபர்னேசேயை விட்டுவிடக்கூடாது. 1585 தொடக்கத்தில் ஆன்ட்வெர்ப்புக்குக் கடல்வழி உணவு வராமல் ஷெல்ட் ஆற்றை 700 மீட்டருக்கு மேல் நீளமான பாலத்தால் அடைத்தார். இரு கரையிலிருந்தும் மரத்தூண்கள், ஆழமான நடுப்பகுதியில் சங்கிலியிட்ட 32 படகுகள். ஏப்ரலில் நகரத்தார் வெடிமருந்து நிரப்பிய கப்பலை மிதக்கவிட்டுப் பாலத்தைத் தகர்த்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். உடைந்த இடத்தை எதிரி பார்க்கும் முன் ஃபர்னேசே ஒட்டுப்போட்டுவிட்டார். ஆகஸ்ட் 17 நகரம் பணிந்தது.

கலகமும் கட்சிமாறலும்

சம்பளப் பாக்கிக்காகப் படை முரண்டு பிடிப்பது ஜப்பானில் அரிது. அங்கே நோய் வேறு: ஒரு தலைவர் தன் முழுப் படையோடு எதிர்ப்பக்கம் போய்விடுவார். நிலமும் ஆளும் அவருடையவை, கொண்டுபோக வசதி. இதைத் தடுக்கத்தான் நொபுனாகா தன் வீரர்களை நிலத்திலிருந்து பிரித்துக் கோட்டையடி ஊரில் குடியேற்ற முயன்றார். 1578இல் அவருடைய கோட்டையூரான அசுச்சியில் ஒரு வீரன் வீட்டில் தீப்பிடித்தது. விசாரித்ததில் மனைவி மக்களை சொந்த ஊரிலேயே விட்டு வந்தவர்கள் 120 பேர் என்று தெரிந்தது. ஒவாரி மாகாணத்தில் இருந்த அவர்கள் வீடுகளைக் கொளுத்தச் சொல்லி, குடும்பங்களை வரவழைத்தார். 1586இல் ஹிதேயோஷி இயெயாசுவைப் பணியவைக்கத் தன் சொந்தத் தாயையே பிணையாக அனுப்பினார்.

செகிகஹாரா இந்த நோயின் உச்சம். இயெயாசு களத்துக்குக் கிளம்புமுன் எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். வென்றால் யாருக்கு எந்த நிலம் என்பதே சாரம். வடக்கத்தித் தலைவர் தாதே மசமுனேக்கு, இருப்பதோடு சேர்த்து பத்து லட்சம் கோகு ஆகும்படி நிலம் தருவதாக உறுதி. அன்று காலை மூடுபனி. எதிரணியின் போர்த்திட்டம் பார்வைக்கு நல்லதுதான். மலைமேல் இருபுறமும் படை, நடுப்பள்ளத்தில் இயெயாசு. ஆனால் நங்கூ மலையில் இருந்த மோரி படை, முன்னால் நின்ற கிக்கவா ஹிரோயியே வழிவிடாததால் இறங்கவே இல்லை. அவர் ஏற்கெனவே இயெயாசுவிடம் பேசிவைத்திருந்தார். மத்சுவோ மலையில் 15,000 பேரோடு இருந்த கொபயகவா ஹிதெயாகி நண்பகல் வாக்கில் இறங்கித் தன் கூட்டாளிகளையே தாக்கினார். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இயெயாசுவின் மகன் ஹிதெதாடா 38,000 பேரோடு வழியில் உயெதா கோட்டையில் மாட்டி, போருக்கு வந்தே சேரவில்லை, அப்படியும் வெற்றி.

பின்னர் நிலம் பிரிக்கப்பட்டது. 60 லட்சம் கோகுவுக்கு மேல் கைமாறியது. மோரி 12 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கும் கீழே, உயெசுகி 12 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கு. மசமுனேக்குக் கொடுத்த உறுதி? சில்லறைத் துண்டு நிலத்தோடு முடிந்தது. மாரிஸுக்கு நியூபோர்ட்டில் இப்படி எதையும் பிரித்துக் கொடுக்க வழியில்லை. போர், நிலம் இரண்டையும் அவருக்காகத் தீர்மானித்தது டச்சு மாநிலங்களின் பிரதிநிதிகள் பேரவை. அந்தப் படையெடுப்பே அவர் விரும்பாதது.

தலைவர்கள் செத்த விதத்திலும் இதைப் பார்க்கலாம். நொபுனாகாவைக் கொன்றது அவருடைய தளபதி. அடித்தால் அரசாட்சி கையில் வரும் என்ற கணக்கு. வாலன்ஸ்டைன் 1634 பிப்ரவரி 25 அன்று ஏகர் ஊரில் குத்திக் கொல்லப்பட்டார்; பேரரசர் அவரை நம்புவதை நிறுத்தி ஆணையிட்டபின், அவருடைய அதிகாரிகளே கைவிட்டார்கள். அவர்களுடைய பாக்கிக்கு இனிப் பேரரசர்தான் பொறுப்பு என்று தெரிந்திருந்தது.

அரிசி எட்டாத இடம்

அரிசிக் கணக்கு கடலைத் தாண்டியதும் உடைந்தது. 1592இல் ஜப்பானியப் படை பூசானில் இறங்கி மூன்று வாரத்தில் சியோலைப் பிடித்தது. ஆனால் தெற்குக் கடலில் கொரிய கடற்படைத் தலைவர் யி சுன்சின், அதே கோடையில் ஹான்சான் தீவருகே ஜப்பானியக் கப்பல்களை அழித்து, மேற்குக் கரையைச் சுற்றி வரவேண்டிய உணவுக் கப்பல்களின் பாதையை மூடினார். அரிசி பூசானிலிருந்து தரைவழியே போகவேண்டும், வழியெல்லாம் கெரில்லாக்கள். ஹிதேயோஷி கியூஷூவின் நகோயா கோட்டையைத் தாண்டிக் கடல் கடக்கவேயில்லை. 1597–98 குளிர்காலத்தில் உல்சான் கோட்டையில் அடைபட்ட கதோ கியோமசாவின் ஆட்கள் நீரும் உணவும் இல்லாமல் குதிரையையும் காகிதத்தையும் தின்றார்கள். பின்னாளில் அவர் கட்டிய குமமொத்தோ கோட்டைக்குள் 120 கிணறு தோண்டியதாகச் சொல்வார்கள்.

போரை முடித்துப் படையைக் கலைப்பதிலும் இரு முறைகளும் வேறுவேறு இடத்தில் தடுமாறின. ஐரோப்பாவில் 1648 சமாதானத்தில் ஸ்வீடிஷ் படையைக் கலைத்து அனுப்ப மட்டும் 50 லட்சம் தாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் செகிகஹாராவுக்குப் பின் நிலமிழந்த குலங்களின் வீரர்கள் தலைவனற்றவர்களாகத் திரிந்தார்கள். 1614இல் ஒசாகா கோட்டையில் ஹிதேயோஷியின் டொயொடொமி குலம் தந்த பொன்னுக்காகத் திரண்டவர்கள் ஒரு லட்சம் பேர் வரை. இயெயாசு ஆங்கிலேய வணிகரிடம் வாங்கிய பீரங்கிகளால் அச்சுறுத்தி, சமாதானம் பேசி, அகழிகளை மண்ணால் தூர்த்து, அடுத்த கோடையில் கோட்டையை அழித்தார்.

எஞ்சிய சிலர் 1637இல் ஷிமபாரா விவசாயிகளின் கிளர்ச்சியில் தலைவர்களாக வந்தார்கள். ஹாரா கோட்டையில் பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 37,000 பேர். வெளியே அரசுப் படை ஒரு லட்சத்துக்கு மேல். நேரடித் தாக்குதலில் அரசுத் தளபதி இதகுரா ஷிகெமசா மாண்டார். ஹிராதோவில் இருந்த டச்சு வணிகர்களைக் கூப்பிட்டு, ‘டி ரைப்’ கப்பலிலிருந்து 15 நாளில் 426 குண்டு சுடச் செய்தார்கள். மாரிஸின் நாட்டுப் பீரங்கி சாமுராய் படைக்கு உதவியாக. கோட்டை அசையவில்லை. இதகுராவுக்குப் பின் தலைமையேற்ற மத்சுதைரா நொபுத்சுனா முற்றுகையை இறுக்கிக் காத்திருந்தார். 1638 ஏப்ரலில் கோட்டைக்காரர்கள் இரவில் வெளியே பாய்ந்தபோது கொல்லப்பட்டவர்களின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே கடற்பாசியும் கொஞ்சம் வாற்கோதுமையும்தான் இருந்தன. அரிசி தீர்ந்துவிட்டது என்று தெரிந்து சில நாளில் முழுத் தாக்குதலுக்கு உத்தரவிட்டார்.